எந்த ஊர்க் காசு?

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் பழங்காசு சேர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொள்ள நினைப்பவருக்குப் பெரும்பணம் தேவையில்லை. முதலாம் ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசு ஒன்று, தேய்ந்த நிலையில், நாணயக் கண்காட்சிகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்துவிடுகிறது. நாயக்கர் காலக் காசுகளும் அம்மன் காசுகளும் பெரும்பாலும் அதைவிட மலிவு. ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள பொருளுக்கு இவ்வளவு குறைந்த விலையா என்று புதியவர் வியப்பார். அவை ஏராளமாக அச்சடிக்கப்பட்டன, ஏராளமாகக் கிடைத்தன, செம்புக்கு உலோக மதிப்பும் குறைவு. விலை குறைந்ததற்கு இவைதாம் காரணம். ஆனால் இந்த மலிவிலிருந்து நம்மவர்கள் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். விலையில்லாத காசு வரலாற்றுக்கும் தேவையில்லாதது என்று எண்ணி, அபூர்வமான பொற்காசையும் வெள்ளிக்காசையும் தேடிப் போகிறார்கள். என் கருத்து இதற்கு நேர் எதிரானது. இந்த இரு மாவட்டங்களைப் பொறுத்தவரை மலிவான செப்புக்காசே சேர்க்கத் தகுந்தது. அதையும், கிடைத்த ஊரின் பெயரோடு சேர்த்தால் மட்டுமே அந்த வேலைக்குப் பொருள் உண்டு. ஊர்ப்பெயர் போன காசு கடைச்சரக்கு. ஊர்ப்பெயரோடு இருக்கும் காசு, வேறு எங்கும் எழுதிவைக்கப்படாத ஒரு செய்திக்குச் சான்று.

இந்த வட்டாரத்தின் மண் எத்தகையது என்பதை முதலில் பார்க்க வேண்டும். முதலாம் ராஜேந்திரன் 1025ஆம் ஆண்டையொட்டித் தன் தலைநகரைத் தஞ்சாவூரிலிருந்து கொள்ளிடத்துக்கு வடக்கே கொண்டுவந்தான். அன்று முதல் 1279இல் சோழராட்சி முடியும் வரை ஏறத்தாழ 250 ஆண்டுகள் கங்கைகொண்ட சோழபுரம் தென்னிந்தியாவின் பெரிய நகரங்களுள் ஒன்றாக இருந்தது. இன்று அங்கே ஒரு கோயிலும் சுற்றிலும் சிற்றூர்களும் இருக்கின்றன. உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், வாணதிரையன்பட்டினம் என்று அந்தச் சிற்றூர்களின் பெயர்களே பழைய நகரத்தின் வரைபடமாக நிற்கின்றன. மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறை 1980களிலும் அண்மை ஆண்டுகளிலும் அகழாய்வு செய்து அரண்மனைச் செங்கல் சுவர்களை வெளிக்கொணர்ந்தது. ஆனால் அகழாய்வுக் குழிகள் பழைய நகரத்தின் மிகச் சிறிய பகுதியையே தொட்டிருக்கின்றன. மற்ற இடமெல்லாம் உழவு நிலம், வீட்டு மனை, ஏரி, வாய்க்கால். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோயிலின் மதில் கற்களையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். கல்லுக்கே அந்தக் கதியென்றால் மண்ணுக்குள் கிடக்கும் செப்புக்காசை யார் கணக்கில் வைப்பார்கள்? மேற்கே அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். ஏரிகளில் வண்டல் எடுக்கிறார்கள். சாலை விரிவாக்கத்துக்கு மண் அள்ளுகிறார்கள். இவை ஒவ்வொன்றிலும் மேல்மண் இடம் பெயர்கிறது. அந்த மண்ணோடு போகும் காசு, வேறொரு ஊரில் கொட்டப்பட்டு, அங்கே கண்டெடுக்கப்பட்டு, பொய்ச் சான்றாகவும் ஆகிவிடக்கூடும்.

காசுக்கு வருவோம். ராஜராஜன் பெயர் கொண்ட செப்புக்காசின் ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், கையில் மலர். மறுபக்கம் அமர்ந்த உருவம். அதன் பக்கவாட்டில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ’, ‘ராஜ’, ‘ராஜ’ என்று மூன்று வரி. முழுக்காசு சுமார் 4 கிராம் இருக்கும். அரையும் காலும் உண்டு. உருவங்கள் கோடும் புள்ளியுமாகச் சுருங்கியிருப்பதால், முதன்முறை பார்ப்பவருக்கு மனிதன் எங்கே, தாமரை எங்கே என்றே தெரியாது. இந்த உருவமைப்பு சோழநாட்டில் பிறந்ததாகத் தெரியவில்லை. ராஜராஜன் 985இல் பட்டத்துக்கு வருவதற்கு முன்பே இலங்கையில் ‘ஸ்ரீ லங்காவிபு’ என்ற எழுத்தோடு இதே நிற்கும் உருவம் கொண்ட பொற்காசுகள் வழங்கின. 993ஐ ஒட்டி வட இலங்கை சோழர் கைக்கு வந்தபோது அங்கே மக்களுக்குப் பழகியிருந்த காசின் உருவத்தையே மன்னன் எடுத்துக்கொண்டான் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ராஜராஜனிடமிருந்துதான் ஈழத்தவர் கற்றார்கள் என்று முன்பு எழுதியவர்களும் உண்டு; லங்காவிபு காசுகளின் காலம் தெளிவான பிறகு அந்தக் கருத்துக்கு வலு குறைந்துவிட்டது. சோழர் இலங்கையை விட்டு நீங்கிய பிறகும் இந்த உருவம் நீங்கவில்லை. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186), நிசங்கமல்லன், அரசி லீலாவதி முதலியோர் அதே நிற்கும் உருவத்தையும் அமர்ந்த உருவத்தையும் வைத்துத் தம் பெயரை நாகரியில் பொறித்தார்கள். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசில் அமர்ந்த உருவத்தின் இடத்துக்குக் காளை வந்தது, அதன் கீழே தமிழில் ‘சேது’ என்ற எழுத்து வந்தது. நிற்கும் மனிதன் மட்டும் போகவில்லை.

இதனால் புதியவர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. காசு தேய்ந்து முதல் இரு வரி மட்டும் தெரிந்தால் ‘ஸ்ரீ ராஜ’ என்று படித்துவிட்டு, ராஜராஜன் என்று முடிவு கட்டிவிடுவார். லீலாவதியின் காசிலும் எழுத்து ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’ என்றுதான் தொடங்குகிறது. இருவருக்கும் இடையே இருநூறு ஆண்டு இடைவெளி. இடையில் ஒரு கடல். மூன்றாவது வரியைப் படிக்காமல் பெயர் வைக்கக் கூடாது என்பது இந்தக் காசுகளைப் பொறுத்தவரை முதல் பாடம். மூன்றாவது வரி அழிந்திருந்தால் ‘நிற்கும் உருவ வகை, பெயர் தெரியவில்லை’ என்று எழுதுவதே நேர்மையான அடையாளம். விற்பனையாளர்கள் தமிழ்நாட்டில் ராஜராஜன் பெயருக்கு இருக்கும் ஈர்ப்பை அறிந்தவர்கள். தெளிவில்லாத எந்தக் காசுக்கும் அந்தப் பெயரையே சொல்லத் தோன்றுவது அவர்களுக்கு இயல்பு. வாங்குபவரிடம் பூதக்கண்ணாடியும், கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறு எடைக்கருவியும், நாகரியில் இருபது எழுத்துகளைப் படிக்கும் பழக்கமும் இருந்தால் போதும். இவற்றின் மொத்தச் செலவு ஒரு நல்ல காசின் விலைக்குள் அடங்கும்.

காசை யார் வெளியிட்டார் என்று கண்டுபிடித்ததோடு வேலை முடிந்தது என்பவர்களே அதிகம். அங்கேதான் உண்மையான கேள்வி தொடங்குகிறது. இன்று கடையில் ஒருவர் வாங்கும் ராஜராஜன் காசு இலங்கையிலிருந்து வந்திருக்கலாம், காவிரிப் படுகையில் கிடைத்திருக்கலாம், ஜெயங்கொண்டம் பக்கத்து வயலில் ஏர்முனையில் பட்டிருக்கலாம். காசைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஆனால் இதற்கான விடை தெரிந்தால்தான் பெரிய கேள்வி ஒன்றுக்குப் பக்கத்தில் போக முடியும்: சோழர் காலத்துச் சாதாரண மனிதன் காசைப் பயன்படுத்தினானா? கல்வெட்டுகள் நிறையக் காசுகளைப் பேசுகின்றன. ஈழக்காசு, மாடை, மதுராந்தகன் மாடை, அக்கம், அன்றாடு நற்காசு என்று பெயர்கள் வருகின்றன. இவை கோயிலுக்கு விடப்பட்ட நிவந்தம், நிலவிற்பனை, வட்டிக்குக் கொடுத்த முதல் ஆகியவற்றின் கணக்கு. பெருந்தொகையைப் பொன்னிலும் காசிலும், அன்றாடச் செலவைக் கலம், மரக்கால் என நெல்லிலும் எழுதுவது கல்வெட்டு வழக்கம். ஒருவன் சந்தையில் உப்பு வாங்க எதைக் கொடுத்தான் என்பதைக் கல்வெட்டு சொல்வது அரிது. சொல்ல வேண்டிய தேவையும் கோயிலுக்கு இல்லை. செப்புக்காசு அந்த இடத்துக்கான சான்று. அது தலைநகரத்தின் கடைத்தெருவோடு நின்றுவிட்டதா, பத்துக் காதம் தள்ளியிருந்த ஊர்களுக்கும் போனதா, அல்லது இலங்கையிலிருந்த படைக்கும் வணிகத்துக்கும்தான் பெரும்பாலும் அடிக்கப்பட்டதா? மன்னர் பெயரை எத்தனை முறை படித்தாலும் இதற்கு விடை வராது. கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும், பழுவேட்டரையர் ஊரான கீழப்பழுவூர், மேலப்பழுவூரிலும், கொள்ளிடக் கரைத் திருமழபாடியிலும், பெரம்பலூர்ப் பக்கம் வாலிகண்டபுரத்திலும் கிடைக்கும் காசுகளை ஊர்வாரியாகக் குறித்து வைத்தால் ஓரளவாவது விடை வரும். காசு கிடைக்காத ஊரும் இதில் ஒரு செய்திதான், அங்கே கவனமாகத் தேடிப் பார்த்தவர் இருந்தால்.

அபூர்வக் காசு இந்தக் கேள்விக்குப் பெரிதும் உதவாது. உத்தம சோழனின் பொற்காசு ஒன்றை வால்டர் எலியட் 1886இல் வெளிவந்த தம் நூலில் வரைந்து காட்டினார். அந்த வரைபடம் வழியாகத்தான் உலகம் அதை அறிகிறது. ‘கங்கைகொண்ட சோழன்’ என்ற பட்டம் பொறித்த காசுகளும் அரிதானவை. இவை அரசனின் பெருமையையும் பட்டங்களையும் சொல்கின்றன, அதற்காக மதிக்கத் தக்கவை. ஆனால் ஒரே ஒரு காசிலிருந்து அது எங்கெங்கே புழங்கியது என்று சொல்ல முடியாது. அதற்கு எண்ணிக்கை வேண்டும், எண்ணிக்கை மலிவான காசில்தான் இருக்கிறது.

சோழருக்குப் பிந்திய காசுகளும் இந்த இரு மாவட்டங்களில் எதிர்பார்க்கத் தக்கவை. முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் 1216இல் ஆட்சிக்கு வந்து சோழநாட்டை வென்றான். ‘சோணாடு கொண்டான்’ என்று தமிழில் பொறித்த பாண்டியச் செப்புக்காசு அவனுடையதாகக் கொள்ளப்படுகிறது. வென்றவன் காசு தோற்றவன் தலைநகரில் எவ்வளவு விரைவாகப் புகுந்தது என்பது ஊர்ப்பெயரோடு பதிவு செய்தால் தெரியவரும் இன்னொரு செய்தி. விஜயநகர, நாயக்கர் காசுகளில் யானை, காளை, அனுமன், பிள்ளையார் என்று உருவங்கள் பல. எழுத்து நாகரியிலோ தெலுங்கிலோ தமிழிலோ இருக்கும், பல காசுகளில் எழுத்தே இருக்காது. அவற்றை வெளியிட்டவர் யார் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பெரம்பலூர்ப் பக்கம் ரஞ்சன்குடிக் கோட்டையும் வாலிகண்டபுரமும் 18ஆம் நூற்றாண்டுப் போர்களின் நடுவே இருந்தவை. 1751இல் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறமாக அங்கே மோதினார்கள். அதனால் ஆற்காட்டு நவாபின் பாரசீக எழுத்துக் காசு, ஒரு பக்கம் அல்லிப்பூச் சின்னமும் மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’ என்ற பெயரும் கொண்ட பிரெஞ்சுக் காசு, டச்சுக் கம்பெனிக் காசு எல்லாம் ஒரே வட்டாரத்தில் கலந்திருப்பது இயல்பே. புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் அம்மன் காசு, ஒரு பக்கம் பிரகதாம்பாளும் மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற சொல்லும் கொண்டது, பழகிப் படிப்பதற்கு மிக நல்ல காசு. மலிவு, தெளிவு, ஐயத்துக்கு இடமில்லாதது.

இடத்தின் பெயருக்கு இவ்வளவு முதன்மை தர வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இதே வட்டாரத்திலிருந்தே விடை உண்டு. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியின் கடல்வாழ் உயிரிகளின் புதைபடிவங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே உலக அறிவியலுக்குப் போய்ச் சேர்ந்தன. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்தார், பின்னர் எச். எஃப். பிளான்ஃபோர்ட் பாறை அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று ஊர்ப்பெயராலேயே வகுத்தார். காரை, கருடமங்கலம், ஒட்டக்கோயில், கல்லங்குறிச்சி என்று எந்த ஊர் ஓடையில் எடுத்தது என்பதை எழுதிவைத்ததால்தான் அந்தக் கற்கள் காலவரிசையில் நின்றன; இன்றும் அந்த ஊர்ப்பெயர்கள் உலகத்து ஆய்வு நூல்களில் வழங்குகின்றன. அதே படிவத்தை ஊர்ப்பெயர் இல்லாமல் மேசையில் வைத்தால் அது அழகான கல், அவ்வளவுதான். கல்லில் நம் மண்ணுக்குக் கிடைத்த இந்த மதிப்பு காசில் கிடைக்கவில்லை. கல்லை எடுத்தவர்கள் குறிப்பேடு வைத்திருந்தார்கள். காசை எடுத்தவர்களில் பெரும்பாலோர் எடைக்குப் போட்டார்கள்.

இனி மறுப்புகள். மிக வலுவான மறுப்பு தொல்லியலாளர்களிடமிருந்து வருவது: காசு வாங்குபவர் இருப்பதால்தான் காசு தோண்டுபவர் இருக்கிறார், பொழுதுபோக்கு என்ற பெயரில் நீங்கள் கொடுக்கும் சில நூறு ரூபாய் ஒரு மண்ணடுக்கின் அழிவுக்குக் கூலி. இதில் உண்மை இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. மண்ணடுக்கில் இருக்கும் காசு அந்த அடுக்கைக் காலம் கணிக்க உதவுகிறது. பிடுங்கி எடுப்பது காசு, அடுக்கு இரண்டையும் ஊமையாக்குகிறது. ஆகவே உலோகம் காட்டும் கருவியை எடுத்துக்கொண்டு மேடுகளில் அலைவதை இந்தப் பொழுதுபோக்கின் பகுதியாக ஒருபோதும் ஏற்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடங்களில் தோண்டுவது குற்றம். சட்டமும் பலர் நினைப்பதைவிடக் கடுமையானது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் அன்று பெரிய தொகை. இன்று அந்த வரம்புக்குள் ராஜராஜனின் தேய்ந்த காசும் அகப்பட்டுவிடுகிறது. மறைத்தால் அவருக்குரிய பங்கு போவதோடு ஓராண்டு வரை சிறையும் உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட காசைத் தொல்பொருள் என்கிறது. உரிமம் இல்லாமல் அதை வணிகம் செய்யவோ, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவோ இடமில்லை. வெளிநாட்டு நண்பருக்கு ஒரு காசைத் தபாலில் பரிசாக அனுப்புவதும் இதில் சேரும். ஆக, சேர்ப்பவருக்கு எஞ்சுவது, பழைய சேகரிப்புகளிலிருந்து கைமாறி வரும் காசும், வீட்டுப் பெட்டியிலும் சாமியறை உண்டியலிலும் தலைமுறையாக இருந்துவரும் காசும், உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்கும் காசும். அது குறுகிய வட்டம்தான். வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் காசுகளைப் பதிவு செய்யவே ஒருவரின் ஆயுள் போதாது என்பதால் அந்தக் குறுக்கத்தை நான் குறையாகக் கருதவில்லை.

சட்டத்தின் பக்கம் ஒரு குறையும் சொல்ல வேண்டும். புதையலை அரசு எடுத்துக்கொள்ளும்போது கண்டெடுத்தவருக்குரிய தொகையை அந்தச் சட்டம் உலோக மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கு சேர்த்துக் கணக்கிடுகிறது. பொன்னுக்கு அது நியாயமாக இருக்கலாம். நூறு செப்புக்காசு கண்டெடுத்த கூலித்தொழிலாளிக்கு அது பேருந்துக் கட்டணத்துக்கும் ஆகாது. தாலுகா அலுவலகத்துக்கு அலையும் நாள்கூலியை இழந்து, விசாரணைக்கும் அஞ்சி, அவர் ஏன் சொல்லப்போகிறார்? பாத்திரக் கடைக்காரர் கேள்வி கேட்க மாட்டார். செப்புக்காசு ஊர்ப்பெயரை இழப்பதற்குப் பேராசையைவிட இந்தப் பயமே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997 முதல் நடக்கும் பதிவுத் திட்டத்தில், கண்டெடுத்தவர் பொருளைக் காட்டி இடத்தைச் சொன்னால், அலுவலர் படமெடுத்துப் பதிந்துகொண்டு, புதையல் என்ற வகையில் சேராத பொருளை அவரிடமே திருப்பித் தருகிறார். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அப்படிப் பதிவாகியிருக்கின்றன. அங்கே உலோகம் காட்டும் கருவிக்கு அனுமதி உண்டு. அதை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. கோயிலும் குடியிருப்பும் வயலும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் நம் மண்ணுக்கு அது ஆகாது. எடுத்துக்கொள்ள வேண்டியது, சொன்னவனைத் தண்டிக்காத பதிவேடு என்ற ஒன்று மட்டும்.

அருங்காட்சியகங்களில் ராஜராஜன் காசு குவிந்து கிடக்கிறதே, இன்னும் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அன்றைய சென்னை மாகாணம் முழுவதிலுமிருந்து புதையல்கள் வந்து சேர்ந்தன. அவற்றின் பதிவுகள் மதிப்புமிக்கவை. ஆனால் புதையல் என்பது ஒருவர் வேண்டுமென்றே சேர்த்துப் புதைத்தது. பானையில் இருந்த காசு சேமிப்பைக் காட்டும். தெருவில் தவறி விழுந்த ஒற்றைக் காசு புழக்கத்தைக் காட்டும். இந்த ஒற்றைக் காசுகள் அருங்காட்சியகத்துக்கு வருவது குறைவு. இன்னொரு எச்சரிக்கையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் ராஜராஜன் காசு கிடைத்தது என்பதற்காக அந்த இடம் அவன் காலத்தது என்று செய்தி வெளியிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. செப்புக்காசு அடித்தவன் இறந்த பிறகும் நெடுங்காலம் கைமாறும். அந்த அடுக்கு 985க்கு முந்தியது அல்ல என்பதற்கு மட்டுமே காசு சாட்சி. எவ்வளவு பிந்தியது என்பதைப் பானை ஓடுகளும் மற்றப் பொருள்களும்தான் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான ஒற்றைக் காசுகளின் எடையையும் தேய்மானத்தையும் ஒப்பிட்டால், எந்த ஊரில் காசு நெடுநாள் புழங்கியது என்பதையும் ஊகிக்கலாம். குவியல் அதிகமானால் அறிவு குறையும் என்ற கணக்கு இங்கே பொருந்தாது.

படிப்பில்லாத ஆர்வலர்கள் தப்பும் தவறுமாக அடையாளம் சொல்லிக் குழப்புவார்கள் என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டு நாணயவியலின் வரலாறே இதற்கு மறுமொழி. எலியட் நிர்வாக அதிகாரி. 1888இல் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி எழுதிய லோவந்தால் பாதிரியார். 1889இல் தென்னிந்தியக் காசு சேர்ப்பவர்களுக்கென்றே வழிகாட்டி எழுதிய டஃப்னல் படை அதிகாரி. இந்த இரு மாவட்டங்களும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் இருந்த காலத்தில், 1933இல், தென்னிந்தியக் காசுகள் பற்றிய நூலை வெளியிட்ட டி. தேசிகாச்சாரி திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்தவர். சங்ககாலப் பாண்டியரின் ‘பெருவழுதி’ பெயர் பொறித்த காசை 1980களில் அடையாளம் கண்டு, சங்ககாலத் தமிழரிடம் சொந்தக் காசு இருந்ததா என்ற ஐயத்தைத் தீர்த்த இரா. கிருஷ்ணமூர்த்தி பத்திரிகை ஆசிரியர். இவர்களில் எவரும் தொல்லியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். தவறுகளும் செய்தார்கள்; பின்வந்தவர்கள் திருத்தினார்கள். திருத்த முடிந்ததற்குக் காரணம் அவர்கள் படமும் எடையும் தந்திருந்தார்கள் என்பதே. அதே வரலாற்றில் ஒரு குறையும் தெரிகிறது. பழைய நூல்களின் பல காசுகளுக்கு ‘தென்னிந்தியா’ என்பதற்கு மேல் இடக்குறிப்பு கிடையாது. கரூர் அமராவதியிலும் திருக்கோவிலூர்த் தென்பெண்ணையிலும் கிடைத்த காசுகளுக்கு ஆற்றின் பெயராவது இருக்கிறது. ஆறு காசை உருட்டிக்கொண்டு வந்து சேர்ப்பது என்பதால் அதுவும் அரைகுறைச் சான்றே. அவர்களைவிட நாம் ஒரு படி மேலே போகக்கூடிய இடம் இதுதான்.

போலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் மலிவான காசைப் போலியாகச் செய்வதில் லாபம் குறைவு. இருந்தாலும் வார்ப்புப் போலிகள் வருகின்றன. விளிம்பில் இணைப்புக் கோடும் பரப்பில் நுண்குமிழ்ப் பள்ளங்களும் தெரிந்தால் ஒதுக்கிவிட வேண்டும். ராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 போன்ற ஆண்டும் மறுபக்கம் என்று விற்கப்படுபவை எந்த அரசும் வெளியிடாதவை. இவற்றையும் ‘அரிசியை இழுக்கும் காசு’ என்ற ரைஸ் புல்லிங் மோசடியையும் நம்பிப் பல லட்சங்களை இழந்தவர்கள் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். உண்மையான பழங்காசைப் பற்றிய பொது அறிவு ஊரில் பரவியிருந்தால் இந்த மோசடிக்கு இடமே இருக்காது. கம்பெனிக் காசு வேண்டுமென்றால் 1808 என்ற ஆண்டு பொறித்த பத்துக் காசு உண்டு. சென்னைக்கு வரவேண்டிய அந்தக் காசுகளை ஏற்றிய ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. 1980களில் அவை மீட்கப்பட்டன. எங்கே கிடந்தது என்று ஐயமின்றித் தெரிந்ததால் அந்த எளிய காசுக்கே உலகெங்கும் ஒரு கதை இருக்கிறது.

போலியைவிடப் பெரிய கேடு நம் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. செப்புப் பாத்திரம் என்றால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது நம் பழக்கம். காசையும் அப்படியே தேய்க்கிறார்கள். ஆயிரம் ஆண்டில் படிந்த பச்சையும் பழுப்புமான படலம் காசின் தோல். எழுத்தின் விளிம்பு பெரும்பாலும் அந்தத் தோலில்தான் நிற்கிறது. புளியோ எலுமிச்சையோ பட்டால் அது போய்விடும், ‘ஸ்ரீ ராஜ’வுக்குக் கீழே இருந்த மூன்றாவது வரியும் கூடவே போகும். வாலைவடிநீரில் ஊறவைத்து மெல்லிய தூரிகையால் மண்ணை நீக்குவதே எல்லை. வெளிர்பச்சையாகப் பொடிந்து உதிரும் களிம்பு மட்டும் நோய். அத்தகைய காசை உலர்ந்த இடத்தில் தனியே வைத்து, அறிந்தவரிடம் காட்ட வேண்டும். மெல்லிய பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் செம்பைக் கெடுக்கும். அமிலமில்லாத காகித உறை போதும், மேலே எழுதவும் வசதி.

எழுத வேண்டியவை அதிகமில்லை. எடை, விட்டம், இரு பக்கத்தின் படம், தெரியும் எழுத்து, பிறகு ஊர். ஊர் எப்படித் தெரியவந்தது என்பதையும் சேர்க்க வேண்டும்: கண்டெடுத்தவர் சொன்னது, வீட்டில் தலைமுறையாக இருந்தது, விற்பவர் சொன்னது, தெரியாது. இந்த நான்கில் எது என்று எழுதாமல் விட்டால், நல்ல விலை தரும் ஊரின் பெயரே எல்லாக் காசுக்கும் வந்து ஒட்டிக்கொள்ளும். ‘தெரியாது’ என்று எழுத வெட்கப்பட வேண்டாம். பொய்யான ஊர்ப்பெயர் வெற்றிடத்தைவிடத் தீங்கானது. இரு மாவட்டங்களிலும் உள்ள கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள், மாணவர் தம் வீட்டிலும் தெருவிலும் இருக்கும் பழங்காசைக் கொண்டுவந்து காட்டிப் பதிந்துகொண்டு திரும்ப எடுத்துப் போகும்படி ஒரு பதிவேடு தொடங்க வேண்டும். புதிதாக மண்ணிலிருந்து கிடைத்தது எதுவாயினும் அதைக் கிராம நிர்வாக அலுவலர் வழியாக ஆட்சியருக்குத் தெரிவிக்க அந்தத் துறைகளே துணை நிற்க வேண்டும். காசு சேர்ப்பவர்கள் தம் குறிப்பேட்டின் படியொன்றை அந்தப் பதிவேட்டில் சேர்க்கட்டும். இவ்வளவையும் தொடங்க ஒரு அலமாரியும் ஒரு ஆசிரியரும் போதும். ஜெயங்கொண்டத்துப் பக்கம் அடுத்த மழைக்குப் பின் உழவு தொடங்குவதற்குள் தொடங்குங்கள்.